விடுமுறையில் குறித்த நாள்

"வீடு முடியாட்டி என்ன செய்வீங்க, மச்சான்?"

"முடியாட்டி கல்லுச் சுமக்க நானும் வருவன். வேற என்ன?"

சுனாமியாய்க் கடல் வந்து போன மறுமாதம், மருதமுனை முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது நதீரா கேட்டதற்கு அஷ்ரப் அப்படிச் சொன்னான். நதீராவின் மாமி மகன் அவன், அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் இங்கே வழக்கம். அவளுக்கென்று கட்டியிருந்த வீட்டைக் கடல் அத்திவாரத்தோடு கொண்டுபோயிருந்தது. வீடில்லாமல் கலியாணம் எப்படி?

நான்கு வருடங்களுக்குப் பிறகு, இந்தச் சித்திரையில்தான் ஓடு போட்டு முடிந்தது. "புள்ளைக்குக் கம்பஸ் லீவு, அதுக்குள்ள வெச்சிருவம்" என்று வாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். ஊருக்கும் சொல்லியாயிற்று.

லீவென்றால் பெண் வீட்டில் சும்மா இருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் போன தவணை நதீரா புள்ளிவிபரவியலில் தவறியது வீட்டில் யாருக்கும் தெரியாது. அரைவருடப் பாடத்தை மூன்றே கிழமையில், இருபத்தொரு நாளில், படிப்பிக்கும் விடுமுறை வகுப்புக்கு, நூலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்வந்தாள். பரீட்சை நாள் பிறகுதான் தெரிந்தது. கலியாணத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை. மருதாணி போட்ட பெண்ணைக் கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்கு யாரும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். எழுதாவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

இத்தனை காலம் காத்திருந்தவனிடம் இன்னும் பொறுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஒவ்வொரு இரவும் தொலைபேசியை எடுத்து, வைத்துவிடுவாள்.

வியாழன் காலை காரைதீவுச் சந்தியில் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வடக்கில் சண்டை முடியும் தறுவாய். சோற்றுப் பார்சலைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். எட்டு மணிக்கு வகுப்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் தவறினாலும் பரீட்சை இல்லை.

"தம்பி, என்ட பெட்டிக்குள்ள சூரை மீன்தான் கிடக்கு. மணந்து பாருங்க" என்றாள் முன்னால் நின்ற மீன்காரி குஞ்சம்மா. சிப்பாய் சிரிக்கவில்லை. நதீராவின் பையிலிருந்து கல்குலேட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன?"

"கம்பஸ் படிப்புக்கு, சேர்."

"கம்பஸ் லீவுதானே?" அவன் குரல் உயர்ந்தது.

"லீவுலயும் வகுப்பு இரிக்கி, சேர். திங்கக்கிழமை சோதினை."

"எந்தத் திங்கக்கிழமை?"

கேட்டது சிப்பாயில்லை. பக்கத்து வரிசையில் மோட்டார் சைக்கிளில், பின்னால் உரமூட்டையோடு அஷ்ரப். சிப்பாய் கல்குலேட்டரை நீட்டினான். அவள் வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"வாற திங்களா?"

"ஓம், மச்சான்."

"அதுதானா முகம் குடுத்துக் கதைக்கல்ல?" அவன் குரல் தாழ்ந்தது. "என்னப் புடிக்கல்லயாக்கும் எண்டு நான் படுத்துக் கண் மூடல்ல, தெரியுமா?"

"அல்லாவே! அப்படி ஒண்டும் இல்ல."

"அப்ப என்னதான்? வாயத் தொறந்து செல்லுங்களன்."

டிரைவர் ஹோர்னை அழுத்தினார். "தங்கச்சி, ஏர்றயா, இல்ல அவரோட போறயா?" என்றான் கொண்டக்டர். பஸ் மெல்ல நகர்ந்தது. நதீரா ஒரு காலை மிதிபலகையில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"கலியாணத்த ஒரு கிழமை தள்ளி வைங்க, மச்சான். நான் சோதினை எழுதணும்."