குருவி கொண்டுவந்த சாமை

முப்பத்தைந்து வருஷமாக ஒரே கேள்வி வேடியப்பனைப் பிடுங்கித் தின்றது. கேட்பவன் லட்சுமணன். "ஏண்டா, அந்தக் குருவி திரும்பி வந்துச்சா இல்லியா?"

சண்டைக் காலத்தில் இருவரும் நெல்லிவாசல்நாட்டு மலையிலிருந்து பர்மா எல்லைக்கு ரோடு போடப் போனவர்கள். ஒருநாள் பொழுது சாய்ந்ததும் முகாமில் துணி கட்டி, வெள்ளைக்காரர்கள் ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். இரண்டு குருவிகள், உயிர்ச் சிநேகிதர்கள். ஒன்றுக்குச் சிறகு ஒடிந்துபோகிறது. மற்றது தீனி தேடி, விமானம் குண்டு போட்ட புகைக்குள் பறந்துபோகிறது. அது திரும்புவதற்குள் நிஜமான விமானமே வந்து தொலைத்தது! குண்டு விழுந்து வேடியப்பனின் கால் நசுங்கியது. "நீ ஓடுடா" என்று அவன் கத்தக் கத்த, லட்சுமணன் அவனை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அடுத்த குண்டின் நெருப்பு லட்சுமணன் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின. அவன் கடைசியாக ஆசைப்பட்டுப் பார்த்தது அந்தக் குருவிகளைத்தான்.

அப்படிப்பட்டவனுக்கு வாயால் என்ன சொல்லித் தீர்ப்பது? வேடியப்பன் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு அறுப்புக்கும் முதலில் புடைத்த சாமையைத் தன் வீட்டு உலையில் போடாமல், நொண்டி நொண்டிக் கொண்டுபோய் லட்சுமணன் வீட்டில் வைப்பான். லட்சுமணன் கைவிட்டு அளைந்து பார்த்து, "இன்னாடா இது, ஒரே கல்லு" என்று குறை சொல்லுவான். வருஷம் தவறியதில்லை, சாமையும் சரி, குறையும் சரி.

எழுபத்தொன்பதில், கணியம்பாடியிலிருந்து தங்கவேல் என்ற சுகாதாரத் துறை ஊழியர் படம் காட்டும் மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தார். பட்டப்பகலில் பள்ளிக்கூட ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் படத்தைப் போட்டார். பிள்ளைகளுக்குப் பின்னால் வேடியப்பனும் லட்சுமணனும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் நெளிந்தார்கள். பாவம் பார்த்து, துருப்பிடித்த டப்பா ஒன்றைத் திறந்து பழைய சுருளை மாட்டினார்.

துணியில் இரண்டு குருவிகளைக் கண்டதும் வேடியப்பன் கத்தினான்.

"லட்சுமணா! அதேதான்டா. நம்ம குருவிங்க!"

பக்கத்தில் இருந்த லட்சுமணன் அவன் கையை இறுகப் பிடித்தான். "சொல்லு. ஒண்ணுவுடாம சொல்லு."

வேடியப்பன் சொல்லிக்கொண்டே வந்தான். சிறகு ஒடிந்தது. சிநேகிதன் கிளம்பினான். புகை சூழ்ந்தது. அத்தோடு துணி வெள்ளையாகிவிட்டது. மிஷின் படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், தங்கவேல் உதட்டைப் பிதுக்கி, அறுந்த நுனியைத் தூக்கிக் காட்டுகிறார். மிச்சம் இல்லையாம். அடப்பாவி மனுஷா, இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தது?

"இன்னாடா, வந்துச்சா?"

வேடியப்பனுக்குப் பொய் வராது. சந்தவாசல் சந்தைக்குப் புளி கொண்டுபோனால், கொட்டை கிடக்கிறது என்று தானே சொல்லி விலையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவன். ஆனால் அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"வந்துச்சுடா. வராம இருக்குமா? புகையெல்லாம் தாண்டி வந்துச்சு. அலகு நெறைய சாமை கொண்டாந்துச்சு. சிறகு ஒடிஞ்சவனுக்கு ஊட்டி வுட்டுச்சு. வருஷா வருஷம் கொண்டாந்துச்சு."

லட்சுமணன் தோள் குலுங்கச் சிரித்தான். "மடையா, வெள்ளக்காரன் வூட்டுப் படத்துல சாமை ஏதுடா?"

அகப்பட்டுக்கொண்டாயிற்று. வேடியப்பன் ஒத்துக்கொண்டான். "நீ தூக்கியாந்ததாலதான் நான் உசுரோட குந்திக்கினு படம் பாக்குறேன். உனக்கு நான் இன்னாடா செஞ்சேன்? ஒரு படத்தோட முடிவைக்கூடச் சொல்ல முடியல."

"சும்மா இர்றா. மிஷின் அடிச்சிக்கினப்பவே அறுந்துபோச்சுன்னு தெரியும். நீ இன்னா சொல்றேன்னு பாத்தேன்."

பிடித்த கையை லட்சுமணன் விடவில்லை. பார்வையில்லாத கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டான்.

"அந்தக் குருவி கொண்டாந்த சாமையில, கல்லு இருந்துச்சாடா?"

"இருந்துச்சு" என்றான் வேடியப்பன்.