கருங்கல் காட்டேஜில் பசு புகுவிழா

திருப்புலிவனத்துக் குடிமக்களுக்கும், உத்திரமேரூர் வட்டத்து ஏனைய ஊராருக்கும், அகில உலகச் சுற்றுலாப் பயணிகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஜெகனுடைய கருங்கல் பண்ணைவீடு சென்ற வெள்ளிக்கிழமை வரை வீடு அல்ல. அது பாரம்பரியம்.

அதைப் பாரம்பரியம் ஆக்கியவர் ஸ்ரீகாந்த், சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். ஜெகனின் கொள்ளுத்தாத்தா பாறை உடைத்துக் கட்டிய வீடு அது. சுவர் இரண்டு முழம் கனம். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்றிருக்கும். வரிசையாக நான்கு அறைகள், மூன்றில் மனிதர்கள், கடைசியில் மாடு. ஸ்ரீகாந்த் சுவரைத் தடவிப் பார்த்து, இந்தக் கற்கள் பேசுகின்றன என்றார். என்ன பேசின என்று யாரும் கேட்கவில்லை. நான்கு அறையும் நான்கு காட்டேஜ் என்று முடிவாயிற்று.

கற்கள் பேசி முடிக்கிறவரை ஜெகனின் மனைவி வளர்மதி பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சமைத்தாள், அங்கேயே படுத்தாள். பக்கத்தில் மாடு. மழை பெய்தால் பேசுவது கேட்காது. வெயிலடித்தால் பேசத் தெம்பிருக்காது. ஆடிக்குள் திரும்பிவிடலாம் என்றான் ஜெகன். பிறகு தை என்றான். கடைசியில், காட்டேஜுக்கு ஆள் வரட்டும், உனக்குப் புதுவீடே கட்டித் தருகிறேன் என்றான். பழைய வீடு போய்விட்டது என்று வளர்மதிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஸ்ரீகாந்துக்கு மாட்டறை மேல்தான் உயிர். அதன் தரை பின்சுவரை நோக்கிச் சரிந்திருக்கும். சுவரடியில் ஓர் ஓட்டை. மூத்திரம் வெளியே ஓடுவதற்கு. முன்னோரின் நீரியல் சிந்தனை என்று சொல்லி அவர் அதைத் தொடவே விடவில்லை. கட்டில் ஒருபக்கம் சாய்ந்ததால் இரண்டு காலுக்கடியில் செங்கல் வைத்தார்கள். கழனித்தண்ணித் தொட்டியில் தாமரை மிதந்தது.

வெள்ளிக்கிழமை, அறை பதிவு செய்து தரும் கம்பெனியிலிருந்து கல்பனா என்ற அதிகாரி பார்வையிட வந்தார். அவர் தலையசைத்தால்தான் ஆள் வரும். அன்றே புகுவிழாவும். முதலில் பசு நுழைய வேண்டுமே? வேறு யார் மாட்டையாவது ஓட்டி வந்திருக்கலாம். சொந்த மாடு இருக்கும்போது எதற்கு என்று நினைத்தான் ஜெகன்.

மஞ்சள் குங்குமத்தோடு வந்த மாடு மூன்று காட்டேஜைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே நான்காவதில் நுழைந்தது. தாமரையைத் தின்றது. நின்றபடியே மூத்திரம் பெய்தது. அது ஒரு சொட்டு தேங்காமல் ஓட்டை வழியாக வெளியேறியது. நீரியல் சிந்தனை வேலை செய்வதைக் கல்பனா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மாடு கட்டிலோரம் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

கயிற்றை இழுத்தார்கள். ஸ்ரீகாந்த் வாழைப்பழம் நீட்டினார். அதைத் தின்றுவிட்டு மறுபடி அசைபோட்டது. வெள்ளிக்கிழமையில், குங்குமம் வைத்த மாட்டை அடிக்கவும் முடியாது. ஜெகன் மனைவியிடம் ஓடினான்.

"வளரு, ஒரு கொரல் குடும்மா. நீ சொன்னாதான் அது எயுந்துக்கும். மேடம் நின்னுகினு கீறாங்க."

"எதுக்கு எயுந்துக்கணும்? அது அதோட எடத்துக்கு வந்துகீது."

"மானம் போவுது வளரு."

"போவட்டும். அந்தத் தகரத்துல நானும் அதுவும் ஒண்ணாத்தான் வெந்தோம். மாட்டுக்குக் கீற ரோசம் எனக்கு இல்லாம பூட்ச்சே, அதான் பேஜாரா கீது."

சொல்லிவிட்டுப் போனவள், அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். முதல் காட்டேஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. இவர்தான் முதல் விருந்தாளியா என்று கல்பனா கேட்டார். இதைத்தான் உயிருள்ள பாரம்பரியம் என்கிறோம் என்று ஸ்ரீகாந்த் ஆரம்பித்தார். அதற்குள் கல்பனா காரில் ஏறியிருந்தார்.

இப்போது கடைசி அறையில் மாடு இருக்கிறது, மற்ற மூன்றில் ஜெகனும் வளர்மதியும் இருக்கிறார்கள். முன்பும் அப்படித்தான் இருந்தார்கள்.