வலது காலில் தொண்ணூறு மில்லி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வண்டியைப் பிடுங்க வருகிற கொழுந்தன் நான்தான். பெயர் கஜபதி. வண்டி, செத்துப்போன என் அண்ணன் பாஸ்கரனுடைய மோட்டார் சைக்கிள். அவன் வேலை வாரிசாகக் கிடைத்து, அண்ணி வசந்தகுமாரி ஆவடியில் ராணுவச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அயனம்பாக்கத்திலிருந்து காலை ஷிஃப்டுக்கு நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும். அது எனக்குத் தெரியும்.

2.

தொடக்கம்: 'தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிறு, ஏரிக்கரையில் இளங்காற்று வீச...'

வீசவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் அமுங்கியது. "பொம்பளை ஓட்டி விழுந்து வாரப்போறே, குடுத்துடு" என்று சொல்லத்தான் போனேன். அவளோ இஞ்சினுக்கு அடியில் கருங்கல்லை முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கியிருந்தாள்.

"இன்னா கஜபதி, வண்டிய தள்ளிகினு போவ வந்துட்டியா? குந்து. ஃபோர்க் ஆயில் மாத்தி ஓட்டிக் காட்றேன். அப்பவும் அமுங்குச்சின்னா எடுத்துகினு போ."

3.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் அடித்திருகைக் கழற்றி, கறுத்த ஆயிலைத் தன் பிள்ளையின் பழைய பால்புட்டியில் பிடித்து அளந்தாள். இடது காலில் நூற்றைம்பது மில்லி. வலதில் தொண்ணூறு. புது வாஷர் போட்டு முடுக்கினாள். மேல் நட்டைத் திறந்து, இடதில் நூற்றைம்பது, வலதில் தொண்ணூறு என்று அதே அளவு புது ஆயிலை ஊற்றினாள்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அவள் ஃபேக்டரியில் ஊசி உடைந்தால் துண்டெல்லாம் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி. போனது எவ்வளவோ அவ்வளவுதான் வரும். அந்தப் பழக்கம். இரண்டு காலிலும் சமமாக ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அவள் போட்ட காபியைக் குடித்தேன். எழுதவே கூசுகிறது.)

4.

தெருமுனைவரை ஓட்டித் திரும்பி வந்து பிரேக் பிடித்தாள். வண்டி மூக்கைக் குத்தியது. நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"இரு."

மறுபடி கல். மறுபடி திருகு. கழற்றிப்போட்ட பழைய வாஷர்களைப் பொறுக்கிப் பார்த்தாள். வலது பக்கத்தது பிய்ந்திருந்தது.

"தோ பாரு, ஒழுகினது போவ மிச்சம்தான் தொண்ணூறு. நான் மிச்சத்த அளந்து ஊத்திக்கீறேன். ரெண்டு காலும் ஒரே வண்டிக்குத்தானே?"

இரண்டிலும் நூற்றைம்பது ஊற்றினாள். வேகமாக வந்து, என் கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்தாள். வண்டி நிமிர்ந்து நின்றது. நான்தான் பின்னால் சாய்ந்தேன்.

5.

முடிவு அ: நான் கண்கலங்கி வண்டியை அவளுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

முடிவு ஆ: 'அண்ணி, நீயே வச்சுக்கோ' என்று பெருந்தன்மையாகச்...

இரண்டையும் போன வாரம் அவளிடம் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"விட்டுக்குடுத்தியா? அது எப்போ உன் கையில இருந்துது?"

பேனாவை மூடிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி வீடு திரும்பினேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் போகவில்லை.