கூட்டுக்குள் ஆள் இல்லாத நேரம்

வாடகைக் கூடு வந்து மணியடித்தபோது அப்பா அடுப்படியில் கெண்டை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். காதில் விழாதது போல எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீம்பு. நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

என் தம்பி ராதெக் நார்வேயில், கடலுக்கு நடுவே ஒரு மீன் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், இங்கே வூச் நகரத்தில் எங்கள் ஆறாவது மாடி வீட்டில் இந்த ஆள் உயர இயந்திரப் பொம்மைக் கூட்டுக்குள் புகுந்து நடப்பான், பேசுவான். இது மலிவு ரகம். குரல் அவனுடையது, முகம் அசையாத மெழுகு. ஆள் உள்ளே இருந்தால் பின்கழுத்தில் பச்சை விளக்கு எரியும். லைன் அறுந்தால் அது மஞ்சளாகிவிடும். அப்போது அவனுடைய பழைய பேச்சை வைத்துக்கொண்டு கூடு தானே சமாளிக்கும். வீட்டார் சங்கடப்படக் கூடாதாம். என்ன ஒரு கரிசனம்!

அம்மாவின் அடக்கத்துக்கும் அவன் இப்படித்தான் வந்தான். புயலில் விமானம் எதுவும் கிளம்பவில்லை. "என் பொண்டாட்டி பெட்டிகிட்ட பொம்மை நிக்கக் கூடாது" என்று அப்பா அவனைக் கோயிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையிலாவது அவர்கள் பேசிவிட வேண்டும் என்று நான் இருவர் காலிலும் விழாத குறைதான்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் விருந்துக்கு உட்கார வேண்டும் என்பார்கள்; விளம்பரங்கள் மினுக்கும் வானத்தில் அது எதுவென்று யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பாக மேசைக்கு வந்தோம். மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டு, வாழ்த்தி, மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளாமல் இங்கே யாரும் சூப்பில் கரண்டி வைப்பதில்லை. அப்பா அப்பத்தை நீட்டினார். கூடு அதில் ஒரு துண்டு பிட்டது. அதன் பின்னால் நின்ற எனக்கு மஞ்சள் விளக்கு தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"டேய்... அன்னிக்கு உன்னை வெளிய தள்ளினேன்ல. உங்கம்மா இருந்திருந்தா என் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டா. தப்புடா. என்னை மன்னிச்சிடு."

அப்பாவை மன்னிப்புக் கேட்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. இப்போது தடுத்தால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை வராது. வாயை மூடிக்கொண்டேன்.

"விடுங்கப்பா, அதெல்லாம் மறந்தாச்சு" என்றது கூடு.

அப்பா அதைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் பீட்ரூட் சூப் ஊற்றினார். கூட்டுக்கும் ஒரு தட்டு.

அப்போது விளக்கு பச்சையானது.

"லைன் போயிடுச்சு. அப்பம் பிட்டாச்சா?" என்றான் ராதெக். அப்பா பக்கம் திரும்பாமல் என்னிடம்தான் கேட்டான்.

அப்பா சிரித்தார். "டேய் மறதிக்காரா, இப்பதானே எல்லாம் மறந்தாச்சுன்னு சொன்ன?"

"நானா? எதை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

"நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்கப்பா. நிறுத்த மனசு வரல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்டா" என்றார் மகனிடம். "மன்னிச்சேன்னு சொல்லிச்சு."

"அதுக்கென்னப்பா, சுலபமா சொல்லும்" என்றான் ராதெக். "அன்னிக்குக் கோயில் வாசல்ல நின்னு அழுதது நான்தானே."

"அழுதியா?"

அந்தப் பொம்மைகளுக்கு அழ வராது; உள்ளே இருப்பவன் அழுதாலும் வெளியே தெரியாது. அன்று அது வாசலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மாதான் நின்றது. நானும்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு உள்ளே போனேன்.