துருத்தியில் மிச்சமிருந்த காற்று

பெயிண்ட் ஒட்டி இறுகிப்போன ஜன்னல் சட்டத்தை டெலியா இரண்டு கைகளாலும் மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். அது அசைவதாக இல்லை. பின்னால் நாற்காலியில் அவள் கணவன் செனன் இறந்திருந்தான். மடியில் கான்செர்டினா என்ற கைத்துருத்தி வாத்தியம், அதன் கைவார்களுக்குள் இன்னும் அவன் கைகள்.

"தள்ளு, நானும் புடிக்கிறேன்," என்றாள் பக்கத்து வீட்டு ஃபிலோ. "உசுரு வெளிய போக வழி வேணாமா? ஆனா ரெண்டு மணி நேரத்துல மூடிடு. இல்லேன்னா போனது திரும்பி வந்துரும்."

"வந்தா வரட்டுமே."

"வாயக் கழுவுடி."

சட்டம் கிறீச்சிட்டு ஏறியது. கடற்காற்று உள்ளே வந்தது.

செனன் பால் லாரி ஓட்டியவன். நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தபோதுதான் இந்தச் சின்ன அக்கார்டியனைப் பிடித்தான். "என் மூச்சு நின்னா இதோட மூச்ச வச்சு ஓட்டிருவேன்" என்பான். கற்றது ஒரே ஒரு ஜிக், துள்ளாட்ட மெட்டு. அதிலும் முதல் பாதிதான் வந்தது. காற்றை விடும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்க மறந்துவிடுவான். இரண்டாம் பாதி தொடங்கும் இடத்தில் துருத்தி முழுக்க விரிந்து, மேற்கொண்டு இழுக்க இடமில்லாமல் நின்றுவிடும். "ஒரே ஒரு தடவ முழுசா வாசிச்சுட்டுப் போயிடுறேன், டெலியா" என்று நேற்றுக்கூடச் சொன்னான். இன்றும் அங்கேதான் நின்றது. இந்த அற்ப ஆசையைக்கூடத் தராத கடவுள்மேல் அவளுக்குக் கோபம் கோபமாய் வந்தது.

மறுநாள் பிற்பகல் வீடு நிரம்பிவிட்டது. சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிக்குத் துணி போட்டிருந்தார்கள். ஜன்னலை மட்டும் டெலியா மூடவில்லை. பிணத்தைத் தனியே விடக்கூடாதென்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளே உட்கார்ந்திருந்தாள். துருத்தி விரியாதபடி கொக்கி மாட்டிய கான்செர்டினா ஜன்னல் படியில் இருந்தது.

சமையலறையில் பிடில்காரர் மாஸியின் குரல் கேட்டது. "செனன் பாட்டையே எடுப்போம்ப்பா. பாவி விட்ட பாதிய நாம போட்டுக் குடுப்போம்."

சிரித்தார்கள். வாசிப்பு துள்ளிக்கொண்டு கிளம்பியது. இரண்டாம் பாதி தொடங்கும் இடத்தில், எல்லா வாத்தியங்களும் ஒன்றாக நின்றன.

"என்ன மாஸி?"

"தெரியல. வில்லு நகர மாட்டேங்குது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னல் பக்கம் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. டெலியா திரும்பிப் பார்க்கவில்லை. செனனின் குளிர்ந்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினால் வருமே, அந்தக் காற்றுப் பெருமூச்சு வந்தது. பிறகு இரண்டாம் பாதி. தட்டுத் தடுமாறி, குழந்தை படி இறங்குவதுபோல இறங்கி, கடைசிச் சுரம்வரை வந்து முடிந்தது.

மாஸி கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "டெலியா! நீ எப்பக் கத்துக்கிட்ட?"

"கேட்டுக் கேட்டு வந்துருச்சு."

அவர் பின்னால் நின்ற ஃபிலோ, டெலியாவின் கைகள் இருந்த இடத்தையும் ஜன்னல் படியையும் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "இப்பவாவது மூடிடேன்," என்றாள் மெல்ல.

டெலியா எழுந்துபோய்க் கான்செர்டினாவை எடுத்தாள். கைவார் வியர்வையில் நனைந்து கதகதப்பாக இருந்தது. கொக்கியை மாட்டினாள். ஜன்னல் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தாள்.

பிறகு இழுத்தாள். கிறீச் என்ற சத்தம்கூட இல்லாமல் அது இறங்கியது.