மேடையின் உயரம்

வாடகை வீட்டின் மொட்டை மாடியில் சாக்பீஸால் வீடு போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவன் அண்ணன்தான். கட்டப்போகும் வீட்டை அதே அளவில் தரையில் கோடு கிழித்து, தங்கையை உள்ளே நடமாட விட்டான். அவள் இல்லாத அடுப்பில் சமைத்தாள், இல்லாத கதவைத் திறந்தாள்.

"அண்ணா, இந்தக் கதவைத் திறந்தா ஃப்ரிட்ஜ்ல இடிக்கும். துணி காயப்போட பாத்ரூம் பக்கத்துலயே வழி வை. ஹால் முழுக்கச் சொட்டச் சொட்ட நடக்கணுமா?"

"இன்ஜினியர் அம்மா சொன்னா சரிதான்." சிரித்தபடி அழித்து அழித்து வரைந்தான்.

கடைசியாக மூலையில் ஓர் அறை. கட்டிலும் அவளுடைய தையல் மெஷினும் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

"இது உன்னோடது."

விவரம் தெரிந்த நாளிலிருந்து யாராவது தாண்டிப்போகும் இடத்திலேயே படுத்தவள் அவள். அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

பூச்சு வேலை நடக்கும்போதுதான் அண்ணனும் அண்ணியும் வீட்டைக் காட்ட அழைத்துப் போனார்கள். கதவு எதிலும் இடிக்கவில்லை. துணிக்கும் வழி இருந்தது. மூலையில் மட்டும் சுவரே இல்லை. வெறும் சிமெண்டுத் தளம்.

"மேஸ்திரி, இங்க ஒரு ரூம் வரணுமே?"

"இங்கயா? அஸ்திவாரமே போடலையேம்மா. கார் நிறுத்தன்னுதான் சார் மொதல்லேர்ந்தே சொன்னாரு." அவள் முகம் செத்துப்போனதைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்: "சமையல் மேடையைப் பாருங்க. உங்க உயரத்துக்கே வேணும்னு இடிச்சுத் திரும்பக் கட்டச் சொன்னாரு."

மேடையில் கை வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அத்தனை பொருத்தம். அண்ணி அவளைவிட ஒரு சாண் உயரம்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணிதான் வாயைத் திறந்தாள். "மூஞ்சியத் தூக்காதே. பகலெல்லாம் நீ சமையல்கட்டுலதானே இருக்கப்போற? ராத்திரி ஹால்ல படுத்தா முடிஞ்சுது."

"இல்லாத ரூமுக்கா அண்ணா கோடு போட்டே?"

"ஆசையா நின்னே. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"வாய் வரல, கை மட்டும் வந்துச்சா?"



அன்று மாலையே அடுத்த வாசலில் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நாங்க இருக்கற வீட்டுக்கு வேற ஆள் பார்த்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்டி?"

"அண்ணன்தான் காலி பண்றாரு. நான் பண்ணல."

"தனியாவா இருக்கப்போற?"

அவள் பதில் சொல்லுமுன் பின்னால் தங்கள் வாசலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "பசிக்குதும்மா..."

அந்த ஒரு 'அம்மா'வுக்குத்தான் இத்தனை வருஷம் எழுந்து ஓடினாள்.

"ஆமாக்கா, தனியாதான்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.