உள்பக்கத் தாழ்ப்பாள்

திருவண்ணாமலையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் பௌர்ணமி என்றால் என்னவென்று சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது நிலா. எங்களுக்குச் சொந்தக்காரர்கள். கிரிவலம் சுற்ற வருகிற அத்தனை பேரும், "நம்ம அப்பாதுரை வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு?" என்று பையோடு வந்து இறங்குவார்கள். அப்பாதுரை என் வீட்டுக்காரர். வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பது அவர் வேலை. அதற்குப் பிறகு வருகிற எல்லா வேலையும் என்னுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே இடம் குளியலறை. அங்கேயும் வந்து தட்டுவார்கள்.

ரிட்டயரான கையோடு அவர் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு பண்ணை வீடு வாங்கினார். வாங்கி முடித்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அது பழைய கன்னியர் மடம். ஊரில் இன்னும் 'சிஸ்டருங்க பங்களா' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்கார சிஸ்டர்கள் கட்டியது. கடைசி சிஸ்டரும் போன பிறகு கொஞ்ச காலம் நெல் குடோனாகக் கிடந்தது. அப்புறம் தியானம் சொல்லித்தர வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார். எங்கள் ஊர் கோடையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடிப்போனார். அதற்கப்புறம் அது எங்கள் தலையில் விழுந்தது.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விருந்தாளிகளுக்கு எதிராக ஒரு வீட்டை இவ்வளவு அழகாகக் கட்ட முடியுமா! மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே வாசல். அதிலும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் நுழைய வேண்டும். உள்ளே ஒடுக்கமான நீள நடை, மேலே வளைவுக் கூரை. தும்மினால் அந்தத் தும்மல் கூரையில் பட்டு நமக்கே திரும்பி வரும். நடையின் ஓரமாக வரிசையாய்ச் சின்ன அறைகள், ஒரு சிஸ்டருக்கு ஓர் அறை. கதவுகளுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். சாத்தினாலே இரும்பு நாக்கு 'டக்' என்று தானாக விழுந்துவிடும். வெளியே வரும்போது செங்கல் முட்டுக் கொடுக்காவிட்டால் போச்சு.

கடைசி அறை, மௌன விரதம் இருக்கிற சிஸ்டருக்கானது. ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி உண்டு. சுண்ணாம்பு பூசியிருந்ததால் எல்லாரும் அதை மீட்டர் பெட்டி என்று நினைத்தார்கள். தள்ளினால் அது சுழலும். நடையில் நிற்பவர் சாப்பாட்டை வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே போய்விடும். முகம் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" வேண்டாம். இதை யோசித்தவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

மேஸ்திரி வேலையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாரா வாரம் பஸ் ஏறினேன். அந்த அறைக்குள் போய், தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மலையைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடாத அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரரோ வேறு கணக்குப் போட்டிருந்தார். "இந்த ரூமு செவுரையெல்லாம் இடிச்சுட்டு ஒரே ஹாலா போட்டுடலாம். பௌர்ணமிக்கு எத்தினி பேரு வந்தாலும் படுக்கலாம்!" மேஸ்திரி இளஞ்செழியனிடம் பேசியும் வைத்துவிட்டார். கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் இடிப்பு. என் அறையும் அதோடு போய்விடும். ஆனால், சொந்தக்காரர்கள் வர வேண்டாம் என்று எந்தப் பொம்பளை வாய் திறந்து சொல்லியிருக்கிறாள்?

கிரகப்பிரவேசத்தன்று சுப்பன் பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தான். சுற்றுவட்டாரத்தில் பாதிப் புது வீடுகளுக்குள் வலது கால் எடுத்து வைத்த மாடு அது. வாசல்வரை சாட்சாத் மகாலட்சுமியாகத்தான் வந்தது. நடைக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்து தவில்காரர் ஓங்கி ஒரு அடி போட்டார். வளைவுக் கூரை அதை வாங்கிப் பத்து அடியாகத் திருப்பிக் கொடுத்தது. மாடு மிரண்டு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. திரும்ப இடமில்லாததால் நேராகக் கடைசி அறைக்குள் போய் நுழைந்தது. போகிற போக்கில் செங்கலை உதைத்தது. பின்புறம் பட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

'டக்.'

"உள்ள தாப்பா போட்டுக்கிச்சுங்க" என்றான் சுப்பன்.

"மாடு எப்டிண்ணா தாப்பா போடும்?" என்று என் நாத்தனார் ராணியம்மாள் அண்ணனை அதட்டினாள், ஏதோ அவர்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. கன்று நடையில் நின்று கத்தியது. சிலர் வெளியே சுற்றிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். மாடு அசைபோட்டபடி அமைதியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உள்ளே போன பசு வெளியே வரலைன்னா என்ன பண்றதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லை" என்றார் ஐயர். "முகூர்த்தம் வேற போயிண்டிருக்கு."

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "இளஞ்செழியா, நாளைக்கு இடிக்கிறத இன்னிக்கே இடி. இந்த ரூமுலேர்ந்தே ஆரம்பி!"

கடப்பாரை சுவரில் விழுந்தது. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

"நிறுத்துங்க. கதவ நான் தெறக்கிறேன்."

"நீ எப்டி தெறப்ப?"

"தெறப்பேன். ஆனா எந்தச் செவுத்துலயும் கை வைக்க மாட்டேன்னு இத்தினி பேரு முன்னாடி சொல்லுங்க. இந்த ரூமு எனக்கு வேணும்."

"உனக்கா? உனக்கு எதுக்கு ரூமு?"

"உக்கார."

"மொதல்ல மாட்ட வெளிய வுடு. அப்பறம் பேசிக்கலாம்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்பறம், அப்பறம்தான். வந்த ஒரு நிமிஷத்துல மாட்டுக்கு ரூமு கெடச்சிடுச்சு. எனக்கு இன்னும் கெடைக்கல."

கூரை அதையும் வாங்கி, கடைசிச் சொந்தக்காரர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. "அண்ணி சொல்றது நாயம்தானே" என்றாள் ராணியம்மாள். அவள் மாமியார் வீட்டிலும் பௌர்ணமிக்கு ஆட்கள் வருவார்கள். என் வீட்டுக்காரர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிம்மா. செவுத்துல கை வைக்கல. ரூமு உனக்குத்தான். தெற."

நான் மீட்டர் பெட்டியைத் தள்ளினேன். அது சுழன்றதும் கூட்டமே வாயைப் பிளந்தது. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்றும் அந்த சிஸ்டர்கள் யோசித்திருந்தார்கள். பெட்டியைப் பாதி சுற்றினால் கை நுழைகிற இடைவெளி வரும். கை எட்டுகிற இடத்தில் தாழ்ப்பாள். துழாவியபோது மாடு என் விரலை நக்கியது. நாக்கைத் தூக்கினேன். நான் சொன்னது தாழ்ப்பாளின் நாக்கை.

கதவு திறந்ததும் கன்று கத்தியது. மாடு அந்தச் சின்ன அறையில் மெல்லத் திரும்பி, நடு அறையில் சாணம் போட்டுவிட்டு, மகாராணி மாதிரி வெளியே வந்தது. "சாணம் போட்டுடுத்து, ரொம்ப விசேஷம்!" என்றார் ஐயர். பால் காய்ச்சினோம்.

அடுத்த பௌர்ணமிக்குப் பண்ணை வீடு நிரம்பியது. வந்தவர்களுக்குச் சிஸ்டர்கள் சாப்பிட்ட கூடத்தில் பாய் விரித்திருந்தது. சாயங்காலம் நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே "வாங்க, வாங்க" என்று கணீரென ஆரம்பித்த குரல் போகப்போகக் கம்மியது. காபி எங்கே, சொம்பு எங்கே, போர்வை எங்கே என்று எல்லாரும் அவரையே கேட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மரப்பெட்டி சுழன்றது. ஒரு டம்ளர் காபி வந்தது. அவரே போட்டிருக்கிறார், சர்க்கரை ஜாஸ்தி. இடைவெளி வழியாக மெதுவாகக் கேட்டார்.

"உண்ணாமல."

"ம்."

"பக்கத்து ரூமு தாப்பா வேல செய்யுதா?"

"செய்யுது. சத்தமில்லாம சாத்துங்க."

அடுத்த அறையில் 'டக்' என்று கேட்டது. நடையில் ராணியம்மாள் "அண்ணா, அண்ணா" என்று தேடிக்கொண்டு போனாள். நான் காபியைக் குடித்தேன்.